அந்திக்கிறிஸ்து: பெயர் தேடியவர்களின் வரலாறு

வேத பகுதி: 1 யோவான் 2:18-28; 2 தெசலோனிக்கேயர் 2:1-12; வெளிப்படுத்தின விசேஷம் 13:11 முதல் 14:5 வரை





எங்காவது யுத்தம் மூண்டாலும், நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டாலும், அரசாங்கம் ஒரு புதிய அடையாள அட்டையைக் கொண்டுவந்தாலும், நம் கைப்பேசிகளுக்கு உடனே ஒரு செய்தி வந்துவிடுகிறது. இன்னார்தான் அந்திக்கிறிஸ்து என்றோ, இதுதான் 666 என்றோ அது அடித்துச் சொல்லும். அதை அனுப்புகிறவர்களில் பலர் கர்த்தரை நேசிக்கிறவர்களே. அவருடைய வருகைக்கு நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிற வாஞ்சையோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அதே செய்தியை வாசித்து இரவெல்லாம் தூக்கமின்றித் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசி போட்டால் மிருகத்தின் முத்திரை விழுந்துவிடுமோ என்று அஞ்சி வயதான பெற்றோரை வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். உலகம் முடியப்போகிறதென்றால் படிப்பு எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு.

ஆகையால் இந்த வாரம் ஒரு தீர்க்கதரிசன விளக்கத்தைக் காட்டிலும் ஒரு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நமக்கு முன் வாழ்ந்த விசுவாசிகள் இந்தப் பெயரை எப்படியெல்லாம் தேடினார்கள், அதனால் அவர்களுடைய சபைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

வேதம் அந்தச் சொல்லை எங்கே சொல்கிறது?

"அந்தி" என்றதும் நம் தமிழ்க் காதில் மாலைப்பொழுது ஒலிக்கிறது. அதனால் "கடைசிக்காலத்தில் வருகிற கிறிஸ்து" என்பதே பொருள் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. இது கிரேக்கச் சொல். "அந்தி" என்னும் கிரேக்க முன்னொட்டுக்கு "எதிராக" என்றும் "பதிலாக" என்றும் பொருள். கிறிஸ்துவை எதிர்க்கிறவன், கிறிஸ்துவின் இடத்தில் தன்னை வைக்கிறவன் என்னும் இரண்டும் அதில் அடங்கும்.

இந்தச் சொல் தானியேல் புத்தகத்தில் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்திலும் இல்லை. முழு வேதாகமத்திலும் யோவானுடைய முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டுமே வருகிறது (1 யோவான் 2:18, 22, 4:3, 2 யோவான் 7). தானியேலின் சின்னக் கொம்பு, பவுல் சொல்லும் பாவமனுஷன், வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே பெயரின்கீழ் சேர்த்துப் பார்ப்பது பின்வந்த சபையின் வழக்கம். அப்படிச் சேர்த்துப் பார்க்க நியாயம் உண்டு. எனினும் அந்தச் சொல்லை நமக்குத் தந்த யோவான் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அந்திக்கிறிஸ்து வருவான் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதை யோவான் மறுக்கவில்லை. ஆனால் இப்பொழுதே அநேக அந்திக்கிறிஸ்துக்கள் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் நம்மிடத்திலிருந்தே பிரிந்துபோனவர்கள் என்றும் சொல்கிறார். ரோமாபுரியின் அரண்மனையை அவர் சுட்டிக்காட்டவில்லை. சபைக்குள் எழும்பி, இயேசுவே கிறிஸ்து என்பதையும் அவர் மாம்சத்தில் வந்தார் என்பதையும் மறுதலித்தவர்களைக் காட்டுகிறார். அவர் தந்த அளவுகோல் ஓர் அறிக்கை: இயேசுவை யார் என்று சொல்கிறீர்கள்?

தெசலோனிக்கேயாவுக்கு வந்த போலிக் கடிதம்

ஏறக்குறைய கி.பி. 50-ல், புதிதாய் விசுவாசத்துக்கு வந்த தெசலோனிக்கேயா சபை ஒரு வதந்தியால் கலங்கியது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பவுலிடத்திலிருந்து வந்ததுபோன்ற ஒரு நிருபமும் அதற்கு ஆதாரமாய்க் காட்டப்பட்டிருக்கலாம் என்பது 2 தெசலோனிக்கேயர் 2:2-லிருந்து தெரிகிறது. அதே சபையில் சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். இந்த இரண்டையும் வேத விளக்கவுரையாளர் பலர் இணைத்துப் பார்க்கிறார்கள். நிருபத்தின் முடிவில் பவுல் தன் சொந்தக் கையால் வாழ்த்தை எழுதி, தன்னுடைய எல்லா நிருபங்களுக்கும் அதுவே அடையாளம் என்கிறார் (3:17). யார் எழுதினார்கள் என்று தெரியாத செய்தியை நம்பிக் கலங்கவேண்டாம் என்பது அன்றே சபைக்குக் கொடுக்கப்பட்ட புத்தி.

பாவமனுஷன் வெளிப்படுவான் என்று பவுல் அங்கே தெளிவாய்ப் போதிக்கிறார். கர்த்தர் தம்முடைய வாயின் சுவாசத்தினாலே அவனை அழிப்பார் என்றும் சொல்கிறார். ஆனால் அவனைத் தடைசெய்து வைத்திருப்பது எது என்பதை, அதை நீங்கள் அறிந்திருக்கிறீர்களே என்று சொல்லி விட்டுவிடுகிறார். லத்தீன் சபையின் மாபெரும் போதகராகிய அகஸ்தீன் "தேவனுடைய நகரம்" என்னும் தம் நூலின் இருபதாம் பாகத்தில் இந்த வசனத்துக்கு வந்தபோது, தெசலோனிக்கேயர் அறிந்திருந்ததை நாம் அறியவில்லை என்றும், அப்போஸ்தலன் எதைக் கருதினார் என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் வெளிப்படையாய் எழுதினார்.

எண்ணும் எழுத்தும்

"எட்டேகால் லட்சணம்" என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். பழைய தமிழ் எண் முறையில் எட்டுக்கு "அ", காலுக்கு "வ". இரண்டையும் சேர்த்தால் "அவ". அதாவது அவலட்சணம். எபிரெயருக்கும் கிரேக்கருக்கும் எழுத்துக்களே எண்களாய் இருந்தபடியால், ஒரு பெயரை எண்ணாக மாற்றுவது அவர்களுக்கு இதைவிடச் சாதாரணமான வழக்கம். வெளிப்படுத்தின விசேஷம் 13:18-ல் புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்று சொல்லப்பட்டபோது, முதல் வாசகர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

அவர்கள் யாரை நினைத்திருப்பார்கள்? நீரோ இராயனை நினைத்திருக்கலாம் என்பது இன்று வேத பண்டிதர் பலருடைய கருத்து. கி.பி. 64-ல் ரோமாபுரி பற்றியெரிந்தபின் கிறிஸ்தவர்கள்மேல் பழியைப் போட்டுக் கொடுமையாய்க் கொன்றவன் அவன். "நீரோன் கேசர்" என்பதை எபிரெய எழுத்துக்களில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. கடைசி "ன்" இல்லாமல் லத்தீன் முறைப்படி எழுதினால் 616 வருகிறது. எகிப்தின் ஒக்சிரிங்கஸ் என்னும் இடத்தில் கிடைத்த ஒரு பழைய பப்பிரஸ் சுவடியில் 616 என்றே எழுதப்பட்டிருக்கிறது. கி.பி. 68-ல் நீரோ தற்கொலை செய்துகொண்டபின்பும் அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்னும் வதந்தி நீடித்தது. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு போலிகளும் எழும்பினார்கள்.

பெயர் சொல்ல மறுத்த ஆயர்

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிறவர் ஐரேனியஸ். சிறுவயதில் அவர் சிமிர்னாவின் ஆயராகிய பாலிகார்ப்பின் போதனையைக் கேட்டவர். பாலிகார்ப் யோவானோடு பழகியவர் என்று ஐரேனியஸே சாட்சி சொல்கிறார். பிற்காலத்தில் அவர் இன்றைய பிரான்சு தேசத்திலுள்ள லியோன் நகரச் சபையில் மூப்பராய் ஊழியம் செய்தார். கி.பி. 177-ல் அந்தச் சபைமேல் கொடிய உபத்திரவம் வந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினஸ் அடிபட்டுச் சிறையில் மரித்தார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண் சித்திரவதைகளைச் சகித்து, அரங்கத்தில் மிருகங்களுக்கு முன் நிறுத்தப்பட்டு, கடைசிவரை கர்த்தரை மறுதலியாமல் உயிர் துறந்தாள். அந்த இரத்தம் காய்வதற்குள் ஐரேனியஸ் அச்சபையின் ஆயரானார்.

சில ஆண்டுகளுக்குப்பின் "வேதப்புரட்டுகளுக்கு எதிராக" என்னும் நூலின் ஐந்தாம் பாகத்தில் அவர் 666-ஐப் பற்றி எழுதுகிறார். சற்று யோசித்துப் பாருங்கள். ரோம அரசன்தான் அந்திக்கிறிஸ்து என்று சொல்ல அவரைவிட யாருக்கு அதிகக் காரணம் இருந்தது? அவருக்குக் கணக்கும் தெரிந்திருந்தது. 616 என்னும் பாடத்தையும் அறிந்து, அதை எழுதினவர்களின் பிழை என்று தள்ளினார். 666-க்குப் பொருந்தும் மூன்று கிரேக்கப் பெயர்களையும் குறிப்பிட்டார்: எவாந்தஸ், லத்தேனோஸ், தேய்த்தான். லத்தேனோஸ் என்றால் லத்தீனன், அதாவது ஆளுகிற ரோமன். இது நடக்கக்கூடியதே, எனினும் இதைக்கொண்டு நாம் பெருமை பாராட்டமாட்டோம் என்று நிறுத்திக்கொள்கிறார். தேய்த்தான் என்னும் பெயர் மற்றவற்றைவிடப் பொருத்தமாய்த் தோன்றியும் அதையும் உறுதியாய்ச் சொல்ல மறுக்கிறார்.

அவர் சொல்லும் காரணங்கள் நம் சபைகளில் எழுதிவைக்கத் தக்கவை. அந்தப் பெயர் இக்காலத்தில் வெளியாக வேண்டியதாய் இருந்திருந்தால், தரிசனத்தைக் கண்ட யோவானே அதைச் சொல்லியிருப்பார். எண்ணற்ற பெயர்களில் அந்த எண் வரக்கூடும். ஆகையால் ஊகிப்பதைக் காட்டிலும் நிறைவேறுதலுக்காகக் காத்திருப்பதே பத்திரமானது. மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். தவறான ஒருவனை அந்திக்கிறிஸ்து என்று முடிவுகட்டி அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், மெய்யானவன் வேறொரு பெயரில் வரும்போது எளிதாய் ஏமாந்துபோவார்கள். விழித்திருப்பதாக எண்ணிக்கொண்டு வேறு திசையில் காவல் காப்பது எவ்வளவு ஆபத்து!

நான்கு மந்தைகள்

ஐரேனியஸின் எச்சரிப்பை எல்லாரும் கேட்கவில்லை. அடுத்த தலைமுறையில் ரோமாபுரியில் வாழ்ந்த ஹிப்போலித்தஸ், தானியேல் புத்தகத்துக்கு எழுதிய விளக்கவுரையில் தம் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைப் பதிவு செய்திருக்கிறார். சீரியாவில் ஒரு சபைத்தலைவர், கிறிஸ்துவைச் சந்திக்க வாருங்கள் என்று சொல்லி, தம் மந்தையைப் பெண்களோடும் பிள்ளைகளோடும் வனாந்தரத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் மலைகளில் அலைந்து, கள்ளர் கூட்டம் என்று எண்ணப்பட்டு, தேசாதிபதியின் கையில் அழிந்துபோகவிருந்தார்கள். தேசாதிபதியின் மனைவி விசுவாசியாய் இருந்து பரிந்துபேசியதால் தப்பினார்கள். பொந்து தேசத்திலோ வேறொரு தலைவர் தாம் கண்ட சொப்பனங்களை நம்பி, ஒரு வருஷத்துக்குள் நியாயத்தீர்ப்பு வரும் என்று அறிவித்தார். ஜனங்கள் வயல்களைக் கைவிட்டார்கள், கால்நடைகளை விற்றார்கள். வருஷம் கடந்துபோயிற்று. சொத்தை விற்றவர்கள் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தார்கள். அந்தத் தலைவர் பக்தியும் தாழ்மையும் உள்ளவர் என்றே ஹிப்போலித்தஸ் சொல்கிறார்; வேதத்தை ஆராயாமல் சொப்பனத்தைப் பற்றிக்கொண்டதே அவருடைய குறை.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் மிகாயேல் ஸ்டீஃபல் என்னும் போதகர் இருந்தார். மார்ட்டின் லூத்தரின் நண்பர், கணிதத்தில் மேதை. போப்பாண்டவர் பத்தாம் லியோவின் லத்தீன் பெயரில் ரோம எண்களாய் வழங்கும் எழுத்துக்களைக் கூட்டினார், 1656 வந்தது. ஆயிரத்தைக் குறிக்கும் "எம்" என்னும் எழுத்து இரகசியத்தைக் குறிக்கிறது என்று சொல்லி அதைக் கழித்தார். பத்தாம் லியோ என்பதால் பத்தைச் சேர்த்தார். 666 வந்துவிட்டது! வேண்டாததைக் கழித்து வேண்டியதைக் கூட்டினால் எந்தப் பெயரிலும் எந்த எண்ணும் வரும். கத்தோலிக்க எழுத்தாளர்களும் பிற்பாடு லூத்தரின் பெயரில் அதே எண்ணைக் கண்டுபிடித்தார்கள்.

ஸ்டீஃபல் அதோடு நிற்கவில்லை. 1533 அக்டோபரில் ஒரு குறிப்பிட்ட நாளில், காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று தம் சபைக்கு அறிவித்தார். லூத்தர் அதை ஏற்கவில்லை. ஆனால் விவசாயிகள் நம்பினார்கள். வேலையை விட்டார்கள், கையிருப்பைச் செலவழித்தார்கள். எட்டு மணி அடித்தது. அந்த நாளும் மற்ற நாட்களைப்போல் கடந்தது. ஸ்டீஃபல் கைதுசெய்யப்பட்டார், சபையை இழந்தார். லூத்தர் இரங்கி உதவியதால் பிறகு வேறொரு சபை கிடைத்தது. இனித் தேதி குறிப்பதை விட்டுத் தம் தாலந்தைக் கணிதத்திலேயே செலவிட்டார். 1544-ல் அவர் வெளியிட்ட "அரித்மெட்டிகா இன்டெக்ரா" என்னும் நூலைக் கணித வரலாறு இன்றும் மதிக்கிறது.

நான்காவது மந்தை அமெரிக்காவில் இருந்தது. பாப்டிஸ்ட் பிரசங்கியாகிய வில்லியம் மில்லர் தானியேல் 8:14-இன் 2300 நாட்களை வருஷங்களாய்க் கணக்கிட்டார். அவருடைய இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். சிலர் விளைந்ததை அறுவடை செய்யாமல் நிலத்திலேயே விட்டார்கள். மறுநாள் விடிந்தபோது அவர்கள் அழுத அழுகையை வரலாறு "பெரும் ஏமாற்றம்" என்று அழைக்கிறது.

இந்தத் தலைவர்களில் ஒருவரும் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கர்த்தரை நேசித்தார்கள். ஆனால் ஆண்டவர் பிதாவின் அதிகாரத்துக்கு விட்டுவைத்ததை (அப்போஸ்தலர் 1:7) அவர்கள் தங்கள் கையில் எடுத்தார்கள். விலை கொடுத்ததோ அவர்களை நம்பிய எளிய ஜனங்கள்.

விரல் நீட்டியதால் வந்த கேடு

இன்னொரு கேட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. பெயர் சொல்லாமல் நிதானித்த ஐரேனியஸ்கூட, எரேமியா 8:16-ஐக் கொண்டு, அந்திக்கிறிஸ்து தாண் கோத்திரத்தில் பிறப்பான் என்று எழுதினார். ஏறக்குறைய கி.பி. 950-ல் ஆட்ஸோ என்னும் துறவி, பிரான்சின் அரசி கெர்பெர்காவுக்கு எழுதிய நிருபத்தில் அந்திக்கிறிஸ்துவின் பிறப்பு முதல் முடிவு வரை ஒரு வாழ்க்கைக் கதையாகவே சொல்லிவிட்டார். யூதனாய்ப் பிறப்பான், பாபிலோனில் பிறப்பான் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த நிருபம் ஐரோப்பா எங்கும் பிரதிசெய்யப்பட்டது. அந்தக் கதை நாடகமாகவும் சித்திரமாகவும் பரவியது. பக்கத்துத் தெருவில் வாழ்ந்த யூதரை அந்திக்கிறிஸ்துவின் ஜனமாய்ப் பார்க்கும் வெறுப்புக்கு அது எண்ணெய் வார்த்தது. நம் ஆண்டவர் பிறந்த ஜனத்தையே அவருடைய பெயரால் பகைத்தார்கள்! ஒரு மனிதனையோ ஒரு கூட்டத்தையோ மிருகம் என்று தீர்த்துவிட்டால், அவர்களை நேசிக்கவேண்டும் என்கிற கட்டளை நம் காதில் விழாமல் போய்விடுகிறது.

அடுத்த வசனத்தை வாசியுங்கள்

பிரியமானவர்களே, 666 என்று சொல்லி முடிகிற அதிகாரத்தோடு நம்மில் பலர் வேதத்தை மூடிவிடுகிறோம். யோவான் மூடவில்லை. அடுத்த வசனத்திலேயே சீயோன் மலையின்மேல் ஆட்டுக்குட்டியானவர் நிற்கிறதைக் காண்கிறார். அவரோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஓர் எழுத்து இருக்கிறது: அது பிதாவின் நாமம். நெற்றியில் எழுதப்பட்ட இரண்டு பெயர்களைப் பற்றி அந்தத் தரிசனம் பேசுகிறது. ஒன்றைக் கண்டு மட்டும் பயந்து, மற்றதை மறந்துபோனால், தரிசனத்தின் பாதியையே வாசித்தவர்களாவோம்.

மிருகத்தின் முத்திரை ஒருவன் அறியாமல் அவன் உடம்பில் ஏறிவிடுகிற விஷமாக அங்கே சொல்லப்படவில்லை. அது மிருகத்தை வணங்குகிறதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது (14:9). நீங்கள் யாரை வணங்குகிறீர்கள் என்பதே அங்கே கேள்வி. ஓர் அட்டையோ ஓர் ஊசியோ உங்களை அறியாமலே கர்த்தருடைய கையிலிருந்து பறித்துவிடாது.

ஆகவே இப்படிப்பட்ட செய்தி உங்களிடம் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எழுதினவர் யார், அவர் தம் பெயரை வைத்து அதற்குப் பொறுப்பேற்கிறாரா? இது என்னை இயேசுவினிடத்தில் அதிகமாய்ச் சேர்க்கிறதா, அல்லது பயத்தில் மட்டும் சேர்க்கிறதா? இதை நம்பினால் யாரையாவது பகைக்க நேரிடுமா? இந்தக் கேள்விகளில் தவறுகிற செய்தியை வேறொருவருக்கு அனுப்பாதிருங்கள்.

யோவானுடைய அளவுகோலையும் பயன்படுத்துங்கள். பிரசங்க பீடத்தில் நிற்கிற எங்களை முதலாவது அதனால் சோதியுங்கள். அந்திக்கிறிஸ்துக்கள் சபைக்குள்ளிருந்து புறப்பட்டார்கள் என்றே யோவான் எழுதினார். தன்னையே கிறிஸ்துவின் இடத்தில் வைக்கிற போதகர், சிலுவையை விட்டுச் செழிப்பை மட்டும் பேசுகிற மேடை, இயேசுவைப் பல வழிகளில் ஒருவராக்குகிற உபதேசம் ஆகியவற்றை நாம் கண்டும் காணாமல் இருந்துகொண்டு, தூர தேசத்து அதிபரின் பெயரைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தால், ஐரேனியஸ் எச்சரித்தபடி தவறான திசையில் காவல் காக்கிறவர்களாவோம்.

பாவமனுஷன் வெளிப்படுவான் என்று நாம் விசுவாசிக்கிறோம். அவனை அழிக்கிற கர்த்தர் வருகிறார் என்று அதைவிட அதிகமாய் விசுவாசிக்கிறோம். லியோனில் பிளாந்தினாவுக்கு மிருகத்தின் பெயர் தெரிந்திருக்கவில்லை. ஆட்டுக்குட்டியானவரின் நாமம் தெரிந்திருந்தது. அதை அவள் விடவில்லை. விதைக்க வேண்டியதை விதையுங்கள். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். நோயுற்றவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆண்டவர் வரும்போது அவர் கொடுத்த வேலையில் நம்மைக் காணட்டும்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, கலங்கியிருக்கிற உம்முடைய பிள்ளைகளின் இருதயத்தை அமரப்பண்ணும். வஞ்சகத்தை அறிந்துகொள்ளும் பகுத்தறிவையும், உம்முடைய குமாரனை அறிக்கையிடும் தைரியத்தையும் எங்களுக்குத் தாரும். யாரையும் பகையாமல், ஒருவரும் எங்களை மோசம்போக்காமல், அவர் வருமளவும் அவரில் நிலைத்திருக்க எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.